கடற்கரைத் தாலிக்குக் காலை எட்டரை மணி

கேள்வி: வணக்கம் அண்ணா. நானும் எனக்கு நிச்சயமானவரும் கோலாலம்பூரில் வேலை செய்கிறோம். வருகிற தை மாதத்தில் கல்யாணம். 800 பேரைக் கூட்டி, மேடையில் வரிசையாக நின்று படம் எடுத்து, யாரோடும் நாலு வார்த்தை பேசாமல் முடிகிற கல்யாணம் எங்கள் இருவருக்குமே வேண்டாம். 120 பேரோடு ஒரு தீவில், கடற்கரையில், சூரியன் மறைகிற நேரத்தில் தாலி கட்ட வேண்டும் என்பது ஆசை. லங்காவியா பாலியா என்று இன்னும் முடிவாகவில்லை. லங்காவி என்றால் ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஹோட்டலில் சொல்கிறார்கள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அஸ்தி கரைக்கத்தான் கடற்கரைக்குப் போவோம், அங்கே போய்த் தாலி கட்டுவதா" என்கிறார். பாட்டிக்கு 82 வயது, சக்கர நாற்காலி இல்லாமல் வர முடியாது. படங்கள் நன்றாக வருமா? எப்படிப்பட்ட போட்டோகிராபரைப் பேசுவது? அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

ரவாங்கிலிருந்து ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, கல்யாணத்தைத் தீவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. தாலியை மட்டும் மாலையில் கட்டாதீர்கள், காலையில் கட்டுங்கள். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஜார்ஜ்டவுனில் இருந்துகொண்டு 20 வருடத்துக்கு மேலாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் லங்காவியில் ஒரு கல்யாணம். நீங்கள் ஆசைப்படுகிற மாதிரியே மாலை நேரம், மணல், பின்னால் கடல். மணமக்கள் படங்கள் அருமையாக வந்தன. அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். இரண்டு வருடம் கழித்து மாப்பிள்ளையின் அப்பா என் கடைக்கு வந்தார். தாத்தா தவறிவிட்டார், கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்றை வெட்டிப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தர வேண்டும் என்றார். நம் வீடுகளில் இது வழக்கம்தானே. வயதானவர்கள் தங்களுக்கென்று படம் எடுத்துக்கொள்ள ஸ்டுடியோவுக்குப் போவதில்லை. அவர்களுடைய கடைசி நல்ல படம் ஒரு பேரனோ பேத்தியோ கல்யாணம் செய்யும் நாளில்தான் எடுக்கப்படுகிறது.

நானும் தைரியமாகக் கணினியைத் திறந்தேன். இரண்டாயிரத்துக்கு மேல் படங்கள். தாத்தா முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு படத்திலும் ஒரு கை நெற்றிக்கு மேல் குடை பிடித்த மாதிரி இருந்தது. கை இறங்கியிருந்த படங்களில் கண் மூடியிருந்தது, இல்லாவிட்டால் யாரோ கொடுத்த கறுப்புக் கண்ணாடி. சடங்கு நடந்த நேரம் முழுக்கச் சூரியன் அவர் முகத்தில் நேராக அடித்திருக்கிறது. நான் மணமக்களையும் கடலையும் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரைப் பார்க்கவில்லை. கடைசியில், அன்று காலை பசியாறும் இடத்தில் என் உதவியாளர் போகிறபோக்கில் எடுத்த ஒரு படம் கிடைத்தது. தாத்தா தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். கோப்பையை வெட்டிவிட்டு அந்த முகத்தைக் கொடுத்தேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் இன்றைக்கும் அதுதான் மாட்டியிருக்கிறது.

அன்றிலிருந்து கடற்கரைக் கல்யாணம் என்று யார் வந்தாலும், பெரியவர்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார்கள் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கே வருவோம். லங்காவியில் ஹோட்டல்கள் நிறைந்திருக்கும் பந்தாய் செனாங், பந்தாய் தெங்ஙா இரண்டும் மேற்கே பார்த்த கடற்கரைகள். அஸ்தமனம் அங்கே பேர்போனதும் அதனால்தான். நம் வழக்கப்படி மணமக்கள் கிழக்கே பார்த்து உட்காருவார்கள். அப்படி உட்கார்ந்தால் கடல் அவர்களுக்கு முதுகுப்பக்கம். எதிரே உட்காரும் உறவினர்கள் கடலைப் பார்த்து, அதாவது மேற்கே பார்த்து இருப்பார்கள். மாலை ஆறரைக்குச் சூரியன் கடலுக்குச் சற்று மேலே, உங்கள் தலைக்குப் பின்னால் நிற்கும். 120 பேர் கண்ணிலும் அதுதான் அடிக்கும். உங்கள் இருவர் முகமும் கறுத்துவிடும். முகத்துக்குத் தகுந்தபடி கேமராவை வைத்தால், இவ்வளவு தூரம் தேடி வந்த அஸ்தமனம் வெறும் வெள்ளையாகிவிடும். அஸ்தமனத்துக்குத் தகுந்தபடி வைத்தால் நீங்கள் இருவரும் நிழலுருவமாகத்தான் தெரிவீர்கள். ஃப்ளாஷ் போட்டுச் சரிக்கட்டலாம், நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் கெட்டிமேளம் கொட்டுகிற அந்தச் சில நொடிகளில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், அட்சதை பறக்கும், பத்துக் கைபேசிகள் குறுக்கே நீளும். அந்த நேரத்தில் வெளிச்சம் நமக்குச் சாதகமாக இருந்தால்தான் படம் தப்பும்.

அதே இடத்தைக் காலையில் நினைத்துப் பாருங்கள். சூரியன் கரைப்பக்கம், மரங்களுக்கும் ஹோட்டல் கூரைக்கும் பின்னாலிருந்து எழும். உறவினர்களுக்கு வெயில் முதுகில்தான் படும், அதுவும் இலைகளுக்கு நடுவே வடிந்த வெயில். உங்கள் முகத்தில் விழுவது இளம் வெயில், அல்லது மர நிழலுக்கு மேலே திறந்திருக்கும் வானத்தின் வெளிச்சம். பின்னால் இருக்கும் கடலிலும் அதே பக்கத்திலிருந்துதான் வெளிச்சம் விழுகிறது. அதனால் கடல் நீலமாகவும் இருக்கும், முகமும் தெளிவாக இருக்கும். கேமரா ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் வரிசையில் இருக்கும் உங்கள் பாட்டி கண்ணைத் திறந்து உங்களைப் பார்ப்பார்.

காற்றும் காலையில் நம் பக்கம். இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். நிலம் சூடேறிய பிறகு, மதியத்துக்கு மேல், கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். மாலைக் கல்யாணங்களில் ஓமப் புகையும் மணலும் விருந்தினர் முகத்துக்குப் போவது அதனால்தான். தை, மாசியில் பருவக்காற்றும் வடகிழக்கிலிருந்து வருகிறது. ஐயரிடம் கேட்டு, குண்டத்தை நேர் எதிரே வைக்காமல் சற்று அக்கினி மூலைப்பக்கம், அதாவது தென்கிழக்கே, தள்ளி வைத்தால், புகை பெரும்பாலும் உங்களைத் தொடாமல் பக்கவாட்டில் போய்விடும். புகை கண்ணில் பட்டு மணப்பெண் அழுகிற படம் என்னிடம் ஏராளமாக இருக்கிறது. மேக்கப் போட்ட அக்காக்கள் பக்கத்தில் நின்று தவித்ததையும் பார்த்திருக்கிறேன்.

சரி, ஏன் எட்டரை? தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அன்றிலிருந்து நம் மணி சூரியனைவிட வெகுவாக முந்தி ஓடுகிறது. லங்காவி நாட்டின் வடமேற்கு ஓரத்தில் இருப்பதால் அங்கே இந்த இடைவெளி இன்னும் கூடுதல். பிப்ரவரித் தொடக்கத்தில் லங்காவியில் சூரியன் எழவே காலை 7.40 ஆகிவிடும். அதே நாளில் சென்னையில் ஆறரைக்கெல்லாம் எழுந்துவிடும். இது தெரியாமல் ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கத்தைப் பார்த்து "ஆறிலிருந்து ஏழரை" என்று முகூர்த்தம் குறித்துவிட்டு, கும்மிருட்டில் கடற்கரையில் உட்கார்ந்திருந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். முகூர்த்தத்தை லங்காவியின் சூரிய உதயத்தை வைத்துக் கணித்துத் தரும்படி ஐயரிடம் கேளுங்கள். எட்டரையிலிருந்து ஒன்பதே காலுக்குள் தாலி கட்டுகிற மாதிரி அமைந்தால் வெளிச்சத்துக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. பத்தரைக்கு மேல் வெயில் உச்சிக்கு ஏற ஆரம்பிக்கும். கண்குழியில் நிழல் விழும், எல்லோரும் பத்து வயது கூடினாற்போலத் தெரிவார்கள்.

இன்னொரு விஷயத்தையும் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். நான் ஜோதிடம் படித்தவன் இல்லை, ஆனால் இத்தனை வருடம் ஐயர்களுக்குப் பக்கத்தில் நின்றே வேலை செய்திருக்கிறேன். பகல் பொழுதை எட்டாகப் பிரித்தால், ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பங்குதான் இராகு காலம். சுவர் நாட்காட்டியில் நாலரையிலிருந்து ஆறு என்று போட்டிருப்பது, சூரியன் ஆறுக்கு எழுந்து ஆறுக்கு மறையும் என்று வைத்துப் போட்ட கணக்கு. லங்காவியில் பிப்ரவரியில் சூரியன் மறைவது மாலை 7.30 அளவில். அப்படியென்றால் அங்கே ஞாயிறு இராகு காலம் ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரை வரைக்கும் போகும். ஹோட்டல் உங்களுக்குச் சொன்ன ஆறரை மணி அதற்கு நட்டநடுவில் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை, எந்த ஊரானாலும், அஸ்தமனத்துக்கு முந்தைய ஒன்றரை மணி நேரம் இதுதான் கதை. நீங்கள் இதில் நம்பிக்கை உள்ளவரோ இல்லையோ, கல்யாணத்துக்கு வரும் பெரியவர்களில் பாதிப் பேர் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நெருடலும் முகத்தில் தெரியும்.

அம்மாவின் பேச்சை ஒதுக்கிவிடாதீர்கள். அஸ்தி கரைக்கக் கடலுக்குப் போவது உண்மை. உங்கள் அம்மா தன் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அதைச் செய்துவிட்டு ஈரத் துணியோடு திரும்பியிருக்கலாம். அந்த நினைவோடு மகள் கழுத்தில் அதே மாதிரி ஒரு கரையில் தாலி ஏறுவதைப் பார்க்கச் சொன்னால் யாருக்கும் தயக்கம் வரும். அதே சமயம் கடல் நம்மவர்களுக்கு மங்கலத்துக்கும் உரியது. இங்கே பினாங்கில் தெலுக் பஹாங்கில் மாசி மகத்துக்கு அம்மனைக் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கிறோம். இதை வாதமாகச் சொல்லாமல் அம்மாவோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பேசும்போது இரண்டு விட்டுக்கொடுத்தலையும் சேர்த்தே சொல்லுங்கள்: தாலி காலையில், மங்கல நேரத்தில் கட்டப்படும், மணவறை தண்ணீரை ஒட்டிய மணலில் வராது, மேலே புல்தரையில் வரும்.

புல்தரை என்று சொல்வது அம்மாவுக்காக மட்டும் இல்லை. சக்கர நாற்காலியை மணலில் தள்ளவே முடியாது. நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள், பாட்டி அவமானப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். பலகை பரப்பிப் பாதை போடலாம்தான், ஆனால் புல்தரை இருக்கும்போது அது எதற்கு? லங்காவியில் கடலை ஒட்டிய பல ஹோட்டல்களில் மணலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே மரங்களோடு ஒரு துண்டுப் புல்தரை இருக்கும். மணலைவிட அது ஓர் அடி இரண்டடி உயரம். அங்கிருந்து எடுத்தால் கடல் இன்னும் நன்றாகத் தெரியும். அப்புறம் கடல் ஏறுவதும் இறங்குவதும் இருக்கிறது. நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். வளர்பிறை முகூர்த்தம் பௌர்ணமியை ஒட்டி வந்தால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிதாக இருக்கும். முந்தின நாள் நீங்கள் பார்த்த மணல் மறுநாள் அதே நேரத்தில் இல்லாமல் போகலாம், அல்லது கடல் வெகுதூரம் உள்ளே போய்ச் சேறு தெரியலாம். மலேசியக் கடற்படையின் நீரியல் மையம் ஒவ்வோர் ஆண்டுக்கும் இதற்கு அட்டவணை வெளியிடுகிறது. தேதி முடிவானதும் அதைப் பாருங்கள்.

பாலியா லங்காவியா என்ற கேள்விக்குத் தை மாதமே பதில் சொல்லிவிடுகிறது. ஜனவரி, பிப்ரவரி பாலியில் நல்ல மழைக்காலம். லங்காவியில் அப்போதுதான் வருடத்தின் வறண்ட காலம். நம் கிழக்குக் கரைத் தீவுகளான ரெடாங், பெர்ஹெந்தியான் பக்கம் அந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும், பெரும்பாலான விடுதிகள் மூடியிருக்கும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது மேற்குக் கரைத் தீவுகளுக்குத்தான் பொருந்துகிறது. ஒருவேளை கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனால் இந்தக் கணக்கு தலைகீழாகும்: லங்காவியிலும் பினாங்கிலும் மழை பிடிக்கத் தொடங்கும், கிழக்குக் கரை நன்றாக இருக்கும். பாலிக்கு இன்னொரு சிக்கல். இங்கிருந்து போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கு அங்கே முறையான வேலை அனுமதி வேண்டும். சுற்றுலா அனுமதியில் போய்க் காசுக்கு வேலை செய்யக் கூடாது. "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்பவரை நம்பிக் கல்யாணத்தை ஒப்படைக்காதீர்கள். தையில் ஒன்று மட்டும் கவனம்: சீனப் பெருநாளும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வரும். அந்த வாரத்தில் அறையும் கிடைக்காது, விமான டிக்கெட்டும் ஏறிக் கிடக்கும். தைப்பூசத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பினாங்கில் இருக்கும் உறவினர் யாரும் வரமாட்டார்கள், நானும் வரமாட்டேன்.

போட்டோகிராபர் விஷயத்துக்கு வருகிறேன். ஹோட்டல் தருகிற தொகுப்பில் ஒருவர் இருப்பார், உங்கள் நண்பர் சிபாரிசு செய்கிற ஒருவர் இருப்பார். யாராக இருந்தாலும், இன்ஸ்டாகிராமில் பொறுக்கிப் போட்ட 20 படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடற்கரையில் எடுத்த ஒரு தமிழ்க் குடும்பத்துக் கல்யாணத்தின் முழுத் தொகுப்பைக் காட்டச் சொல்லுங்கள். காலை, நடுப்பகல், இரவு, பந்தி எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது நிறம். வெள்ளை மணலும் பளபளக்கும் கடலும் பின்னால் இருக்கும்போது, கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது அந்தப் பிரகாசத்தைப் பார்த்துப் பயந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். நம் முகங்கள் அதில் அடியோடு கறுத்துவிடும். வேலை தெரிந்தவர் முகத்துக்கு அளவெடுத்து அங்கேயே சரி செய்வார். தெரியாதவர் வீட்டுக்குப் போய்க் கணினியில் இழுத்து இழுத்து வெளுக்க வைப்பார். அப்போது மாநிறம் சாம்பலாகும், மஞ்சள் பூசிய முகம் மெழுகாகும், குங்குமம் ஆரஞ்சாகும். சிலர் கேட்காமலேயே மணப்பெண்ணை இரண்டு மூன்று படி வெளுப்பாக்கிக் கொடுத்துவிட்டு, அதைப் பெரிய உபகாரம் மாதிரி சொல்வார்கள். இது எனக்குக் கோபம் வருகிற விஷயம். உங்கள் பிள்ளைகள் நாளைக்கு அந்த ஆல்பத்தைத் திறந்து பார்க்கும்போது அவர்கள் அம்மா அம்மாவாகத் தெரிய வேண்டும். "எங்கள் நிறத்தை மாற்றக் கூடாது" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இதோடு சேர்ந்தது மணவறைத் துணி. சிவப்பு, நீலம், ஊதா என்று மேலே பந்தல் கட்டினால் வெயில் அந்தத் துணி வழியாக இறங்கி எல்லோர் முகத்திலும் அதே சாயத்தைப் பூசிவிடும். எந்த எடிட்டிங்கும் அதை முழுதாக எடுக்காது. மேலே வெள்ளை அல்லது சந்தன நிறத் துணி போதும், நிறமெல்லாம் பூவில் இருக்கட்டும். பூவை லங்காவியில் தேடாதீர்கள். பெருநிலத்திலோ இங்கே லிட்டில் இந்தியாவிலோ சொல்லிவைத்து, முந்தின நாள் குளிர்ப்பெட்டியில் கொண்டுவரச் செய்யுங்கள். கடற்காற்றில் மல்லிகை மதியத்துக்குள் பழுத்துவிடும். காலைக் கல்யாணத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

மற்றபடி போட்டோகிராபரிடம் சில நேரடியான கேள்விகள். ஒவ்வொரு படமும் இரண்டு மெமரி கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகிற கேமராவா? இரண்டு கேமரா கொண்டுவருகிறாரா? ஒரு நாள் முன்னதாகவே தீவுக்கு வந்துவிடுவாரா? கல்யாணத்தன்று காலை கோலா பெர்லிஸிலிருந்து ஃபெரி பிடித்து வருகிறேன் என்பவர் வேண்டாம், ஃபெரி ரத்தானால் உங்களுக்குப் படமே இல்லை. முந்தின நாள் அதே எட்டரை மணிக்கு அந்தப் புல்தரையில் வந்து நின்று வெளிச்சத்தைப் பார்க்கிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர். ஏர்கோன் அறையிலிருந்து கேமராவை நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும், தெளிய அரை மணி நேரம் ஆகும். அதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பைக்குள்ளேயே வைத்து முன்கூட்டி வெளியே எடுத்து வைப்பேன் என்றால் தீவில் வேலை செய்து பழகியவர். டிரோன் பற்றிப் பெரிதாகப் பேசினால், மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பந்தாய் செனாங் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டிரோன் இல்லாவிட்டால் எதுவும் குறைந்துவிடாது.

பதிவுத் திருமணத்தை முன்னதாகவே உங்கள் ஊர்த் தேசியப் பதிவு இலாகாவில் முடித்துவிடுங்கள். கடற்கரையில் ஐயர் நடத்தி வைப்பதால் மட்டும் சட்டப்படி பதிவாகிவிடாது.

உங்கள் அஸ்தமன ஆசையை நான் பறித்துக்கொள்ளவில்லை. காலையில் சடங்கு முடிந்து, எல்லோரும் பசியாறி, மதியம் பெரியவர்கள் அறையில் படுத்துத் தூங்கட்டும். மாலை ஆறே முக்காலுக்கு நீங்கள் இருவரும் மட்டும் போட்டோகிராபரோடு மணலுக்கு இறங்குங்கள். கூறைப்பட்டு வேண்டாம், உப்புத்தண்ணீர் பட்டால் கறை போகாது. லேசான சேலை ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் நினைத்தபடி திரும்பி நிற்கலாம், நிழலுருவமாக நிற்கலாம், சூரியனைப் பார்த்தும் நிற்கலாம். 7.30க்கு அது இறங்கின பிறகு கேமராவை மூடிவிடச் சொல்லாதீர்கள். அடுத்த 15 நிமிடம் வானம் தருகிற நிறம்தான் மிகவும் அழகு. நம் பக்கம் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும், 20 நிமிடத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. காலில் மணல் பூச்சி கடிக்கும், எண்ணெய் ஏதாவது தடவிக்கொண்டு போங்கள். இளைஞர் கூட்டத்தை ஏழே காலுக்கு வரச் சொன்னால் அவர்களுக்கும் ஆட்டம் பாட்டம் படம் எல்லாம் கிடைத்துவிடும்.

கடைசியாகப் பெரியவர்கள் படம். வருகிறவர்களில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பெயரோடு எழுதுங்கள். 120 பேரில் பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். கல்யாணத்தன்று காலை 7.45க்கு, மேளம் தொடங்குவதற்கு முன், ஹோட்டலின் திறந்த முகப்பில் ஒரு நாற்காலி போட்டு, வானத்தைப் பார்த்த பக்கமாக முகம் இருக்கும்படி ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து ஒரு படம், தம்பதியாக ஒரு படம். ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். அவர்களை அழைத்துவர வீட்டுப் பையன் ஒருவனை இப்போதே நியமியுங்கள். எல்லா முகமும் தெரிந்தவனாக இருக்க வேண்டும், கைபேசியை எடுத்துப் பதில் சொல்கிறவனாகவும் இருக்க வேண்டும். பாட்டியை முதல் ஆளாக எடுத்துவிடுங்கள், அவரைக் காக்கவைக்க வேண்டாம். மூக்குக் கண்ணாடி எப்போதும் போடுபவர் என்றால் போட்டபடி ஒன்று, கழற்றி ஒன்று. அப்புறம் அவர் நாற்காலியை மணவறைக்குப் பக்கவாட்டில், முதல் வரிசைக்கும் முன்னால், நிழலில் கொண்டுபோய் வைத்துப் பூட்டிவிடச் சொல்லுங்கள். நீங்கள் அட்சதை வாங்கக் குனியும்போது அவர் கை எட்டும் தூரம் இருந்தால் போதும்.

ஹோட்டலுக்கு அடுத்த கடிதம் எழுதும்போது இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். புல்தரையில் ஓமம் வளர்க்க அனுமதி உண்டா? அங்கிருந்து கழிவறை வரைக்கும் சக்கர நாற்காலி படியில்லாமல் போகுமா? இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கட்டுங்கள்.